கையளவு மேகம்

ஐப்பசி பிறந்துவிட்டால் தென்கடற்கரைப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும் குருவானவரிடம் மக்கள் கேட்கும் முதற்கேள்வி, "சாமி, இந்த வாரம் மழை உண்டா?" என்பதே. கேள்வி ஒன்றுதான், கேட்பவரின் மனம் ஒன்றன்று. திருச்செந்தூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏரல், ஆத்தூர்ப் பக்கத்து வாழை விவசாயிக்கு மழை வேண்டும்; ஆனால் காற்று வேண்டாம். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்பவருக்குக் குவித்து வைத்த உப்பைக் கரையேற்றும் வரையிலேனும் ஒரு துளி விழலாகாது. மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மழை பெரிதன்று. கடல் கொந்தளிக்கக் கூடாது. அடுத்த புதன்கிழமை மகளின் திருமணத்துக்குப் பந்தல் போட்டிருக்கும் தாயின் வேண்டுதலைக் கூறவே வேண்டுவதில்லை. ஒரே வானத்தை நோக்கி நால்வர் நான்கு வரம் கேட்கின்றனர். இவர்கள் நால்வர்க்கும் வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒரே அறிவிப்பைத்தான் தருகின்றன.

அந்த அறிவிப்பை எவ்வாறு புரிந்துகொள்வது? அதை நம்பலாமா? நம்பினால் எவ்வளவு நம்புவது? இவை வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல, உயிரோடு தொடர்புடையவை. எனவே இம்மாதம் நம் குடும்பங்கள் ஒன்றுகூடி வானத்தைச் சற்று படித்துப் பார்ப்பது நலம் எனக் கருதுகிறோம்.

மேகம் உண்டாகும் விதம்

மேகம் என்பது நீராவியே என்று பள்ளிப் பிள்ளைகளில் பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. நீராவி கண்ணுக்குப் புலப்படாது. அடுப்பில் கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்று நோக்குங்கள். மூக்கின் நுனியை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கப்பால்தான் வெண்புகை போன்ற ஒன்று எழும். தெரியாத இடத்தில் இருப்பதே நீராவி. வெண்மையாகத் தெரிவது அந்த ஆவி குளிர்ந்து மீண்டும் நீராக மாறிய மிகச் சிறு துளிகளின் கூட்டம். வானத்து மேகமும் அத்தகைய துளிகளின் கூட்டமேயாகும். மிக உயரத்தில் இருப்பவை மட்டும் பனித்துகள்களால் ஆனவை.

கதிரவன் கடலைச் சூடாக்குகிறான். கடல்நீரில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. உப்பு கடலிலேயே தங்கிவிட, நன்னீர் மட்டும் மேலே செல்கிறது. ஈரமும் வெப்பமும் கொண்ட காற்று இலேசானது; ஆதலால் உயரே எழுகிறது. மேலே செல்லச் செல்ல அதனை அழுத்தும் சுமை குறைவதால் அது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் டயரிலிருந்து காற்றை இறக்கும்போது வால்வின் வாயில் விரலை வைத்தால் சில்லென்றிருக்குமே, அதே விதிதான் இங்கும். மேகமாகாத காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் அதன் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியையும் ஆவியாகவே தாங்கிக்கொள்ள முடியாது. குளிர்ந்த நீர் வைத்த தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, எஞ்சிய ஆவி நீர்த்துளியாகிறது.

ஆனால் தம்ளரில் துளி ஒட்டுவதற்கு ஒரு பரப்பு உண்டு. வெட்ட வெளியில் துளி எதன்மீது ஒட்டும்? 1880ஆம் ஆண்டளவில் ஸ்காத்லாந்து நாட்டு அறிவியலார் ஜான் எய்ட்கன் இதனை ஓர் எளிய சோதனையால் விளக்கினார். ஒரு கண்ணாடிக் கலத்தில் சாதாரணக் காற்றையும், மற்றொன்றில் பஞ்சினால் வடிகட்டித் தூசி நீக்கிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதற்கலத்தில் உடனே வெண்மூட்டம் எழுந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. ஆகவே மேகத்துக்கு ஒரு வித்து வேண்டும். தூசியும் புகையும் கடலலை தெறிக்கும்போது காற்றில் கலக்கும் நுண்ணிய உப்புத்துகளும் அத்தகைய வித்துக்கள். நம் வீட்டுச் சன்னல் கம்பிகளைத் துருவேற்றுகிறதே என்று நாம் நொந்துகொள்ளும் உப்புக்காற்றுதான் வானத்தில் மேகத்தை விதைக்கிறது!

இவ்வாறு பிறக்கும் துளி மிக மிகச் சிறியது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. அது விழும் வேகமும் அற்பமே; கீழிருந்து எழும் காற்று அதனைத் தாங்கிக்கொள்கிறது. இத்தகைய துளிகள் ஏறத்தாழ பத்து இலட்சம் ஒன்றோடொன்று மோதிக் கலந்தால்தான் நம் கையில் விழும் ஒரு மழைத்துளி உருவாகும். வெயில் நாளில் பஞ்சுப் பொதி போல மிதக்கும் ஒரு மேகம், நீளம் அகலம் உயரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் என்று கொண்டால், அதில் 500 டன் அளவு நீர் இருக்கும். நம் தலைக்குமேல் அவ்வளவு பாரம் ஓசையின்றி நகர்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. வியர்வை உலரும்போது உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் உடல் குளிர்கிறது. நீராவி மீண்டும் நீராகும்போது, தான் எடுத்துச் சென்ற வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த வெப்பம் மேகத்தை மேலும் உயரத் தள்ளுகிறது. அவ்வாறு வளரும் இடிமேகம் நம் வெப்ப நாடுகளில் 15 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. எவரெஸ்ட் சிகரத்தின் உயரமோ 9 கிலோமீட்டரை எட்டவில்லை. புயலுக்கு வலுவூட்டுவதும் இதே வெப்பந்தான். வெதுவெதுப்பான கடல் அதற்கு அடுப்பாக அமைகிறது.

மேகத்துக்குப் பெயரிட்டவரும் மேகத்தைப் படித்தவரும்

நம் முன்னோர் முகில், கார், கொண்டல், எழிலி, மஞ்சு என மேகத்துக்குப் பல பெயர்களை வழங்கினர். உலக முழுமைக்கும் பொதுவான பெயர்களை 1802இல் வகுத்தளித்தவர் இலண்டன் மாநகரில் மருந்து வணிகம் செய்துவந்த லூக் ஹோவர்ட் என்பவர். நம் பாடநூல்கள் அவற்றைக் கீற்று மேகம், படை மேகம், திரள் மேகம், கார்மேகம் எனத் தமிழில் தருகின்றன. இறகு உதிர்ந்தாற்போல் மிக உயரத்தில் தெரிவது கீற்று. பாய் விரித்தாற்போல் வானத்தை மூடுவது படை. பஞ்சுப்பொதி போன்றது திரள். கறுத்து மழை பொழிவது கார்.

கீற்று மேகத்தில் மழை இல்லை. ஆயினும் அது தரும் செய்தி பெரிது. அச்செய்தியைப் படித்தறிந்து உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் குருவானவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம். இயேசு சபையைச் சேர்ந்த பெனித்தோ வீஞெஸ் அடிகளார் 1870இல் கியூபா நாட்டின் அவானா நகர்க் கல்லூரியில் வானிலைக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். பெரும்புயலின் உச்சியிலிருந்து நாற்புறமும் பிரிந்து செல்லும் கீற்று மேகங்கள் எத்திசையில் ஓடுகின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்து, புயலின் மையம் எங்குள்ளது, எத்திசையில் வருகிறது என்பதைக் கணித்தார். 1875 செப்டம்பரில் அவர் முன்கூட்டியே புயல் எச்சரிக்கை வெளியிட்டார். அவர் கூறியவாறே புயலும் வந்தது. 1893இல் இறைவனடி சேரும்வரை அத்தொண்டை அவர் விடவில்லை.

நம் நாட்டிலும் அவ்வாறான ஒருவர் இருந்தார். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு யூஜின் லபோன் அடிகளார் 1867இல் தம் கருவிகள் காட்டிய அறிகுறிகளைக் கொண்டு புயலை முன்னறிந்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். செபமாலை உருட்டிய கைகளே காற்றழுத்தமானியின் அளவையும் நாள்தோறும் குறித்து வைத்தன. விசுவாசத்துக்கும் அறிவியலுக்கும் பகை என்று எண்ணுவோர் இவ்விருவரையும் நினைத்துப் பார்ப்பாராக.

வாராந்தர அறிவிப்பைப் படிக்கும் முறை

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. 1864ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலும் அதன்பின் மழை பொய்த்ததால் வந்த பஞ்சங்களும் அதற்குத் தூண்டுதலாயின. இன்று காலை 5.30க்கும் மாலை 5.30க்கும் உலகெங்கும் ஒரே வேளையில் பலூன்கள் கருவிகளைச் சுமந்து வானில் ஏறுகின்றன. செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படமெடுக்கின்றன. ராடார்கள் மழையை அளக்கின்றன. கப்பல்களும் மிதவைகளும் கடலின் நிலையைத் தெரிவிக்கின்றன. இவ்வளவையும் கொண்டு கணிப்பொறிகள் நாளைய வானத்தைக் கணக்கிடுகின்றன.

அப்படியாயின் ஏழாம் நாள் அறிவிப்பு ஏன் தவறுகிறது? அமெரிக்க அறிவியலார் எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் தம் கணிப்பொறியில் ஒரு வானிலைக் கணக்கை மீண்டும் ஓட்டினார். முன்பு ஆறு இலக்கங்களில் இருந்த ஓர் எண்ணை இம்முறை மூன்று இலக்கங்களோடு நிறுத்திக் கொடுத்தார். ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த வேறுபாடுதான். தொடக்கத்தில் இரு கணக்கும் ஒத்துச் சென்றன. போகப்போக விலகி, முடிவில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு வானிலைகளாகிவிட்டன. காற்றின் இயல்பு அத்தகையது. தொடக்கத்தில் அளவாமல் விட்ட சிறு வேறுபாடு நாள் செல்லச் செல்லப் பெருகும். ஆகவே வாராந்தர அறிவிப்பில் முதல் இரண்டு மூன்று நாட்களை உறுதியாகக் கொள்ளலாம். நான்காம் ஐந்தாம் நாட்களைப் போக்கு என்று கொள்ளலாம். ஆறாம் ஏழாம் நாட்களை ஒரு நினைவூட்டல் என்று மட்டும் கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை பார்த்த அறிவிப்பையே சனிக்கிழமைவரை நம்பிக்கொண்டிராமல் நாள்தோறும் புதியதைப் பார்ப்பதே முறை.

அடுத்து, அறிவிப்பில் வரும் சொற்கள். அவை அழகுக்காகச் சொல்லப்படுபவை அல்ல; ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில் மழை" என்றால் அப்பகுதியில் மழை அளக்கும் நிலையங்களுள் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் என்பது பொருள். "ஒரு சில இடங்களில்" என்றால் கால் பங்குக்கு மேல் பாதிவரை. "அநேக இடங்களில்" என்றால் பாதிக்கு மேல் முக்கால்வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்த நாளில் நம் தெருவில் ஒரு துளியும் விழாவிட்டால் அறிவிப்பு பொய்யாகிவிடவில்லை. நான்கில் மூன்று ஊர்களில் விழாது என்பதும் அந்த அறிவிப்பினுள்ளேயே இருந்தது.

மழையின் அளவுக்கும் அவ்வாறே. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாளாகக் கணக்கிடப்படும். அந்த ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டால் அதிகனமழை. நிறங்களையும் அறிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் கவனமாயிருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் செயற்படுங்கள். இந்த அளவுகளில் ஒன்றைச் சற்று ஊன்றி நோக்குவோம். கனமழைக்கு மேல்வரம்பு உண்டு. மிகக் கனமழைக்கும் உண்டு. அதிகனமழைக்கோ மேல்வரம்பு இல்லை. 21 சென்டிமீட்டரும் அதிகனமழைதான். அதைப்போல் நான்கு மடங்கும் அதிகனமழைதான். இதன் பொருளை நம் வட்டாரம் 2023இல் கண்ணாரக் கண்டது.

மகிழ்ச்சி ஞாயிறன்று பெய்த மழை

2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. திருச்சபை அதனை மகிழ்ச்சி ஞாயிறு என வழங்கும். தமிழில் அன்று மார்கழி முதல் நாள். அன்று காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, திருவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டம் மழை குறைந்த மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், வடகிழக்குப் பருவமழையை நம்பியே நம் குளங்கள் காத்திருக்கின்றன. அத்தகைய வறண்ட கரையில் ஓராண்டில் பெய்யும் மழையைவிட மிகுதியாக ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

இத்தனைக்கும் அது பெயர் சூட்டப்பட்ட புயல் அன்று. குமரிக்கடற் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவே. அது விரைந்து நகராமல் நின்றது. கிழக்கிலிருந்து ஈரக்காற்று இடைவிடாது கரையை நோக்கி வந்தது. ஒரு மேகம் பெய்து முடிக்குமுன் அடுத்த மேகம் அதே இடத்தில் எழுந்தது. "புயல் இல்லையாமே" என்று ஆறுதல் கொண்டவர்களின் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

95 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு நீர்? ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 400 லிட்டர். ஐந்து சென்ட் மனையில் 95 சென்டிமீட்டர் பெய்தால் 1 இலட்சத்து 90 ஆயிரம் லிட்டர். நம் வீட்டு மனைமேல் மட்டும் விழுந்தது அவ்வளவு. ஊர் முழுவதும் விழுந்ததையும், உடைந்த குளங்களின் நீரையும், தாமிரபரணி சுமந்து வந்ததையும் கூட்டிப் பாருங்கள்.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் வண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. நாற்புறமும் வெள்ளம். பயணிகளுள் பலர் வெளியேற இரண்டு நாட்கள் ஆயின. பசியும் இருளும் அச்சமுமாக அவர்கள் பட்ட துன்பம் பெரிது. ஆனால் அந்த நிலையத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார்கள், அத்தனை பேரும் பிழைத்தனர்.

அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல் குமரிமுனை அருகே உருவெடுத்தபோது நம் சகோதரர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரையில் ஒலித்த எச்சரிக்கை அவ்வளவு தொலைவில் இருந்தவர்களின் காதுக்கு எட்டவில்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்குகளில் பல வீடுகளுக்கு அவர்கள் திரும்பவேயில்லை. எச்சரிக்கை பிறந்தால் மட்டும் போதாது. கேட்க வேண்டியவரின் காதுவரை அது நடந்து செல்ல வேண்டும். அந்த நடையில் கடைசிச் சில அடிகள் ஒவ்வொரு பங்கின் கடமையாகும்.

எட்டு நாள் கூலி

எச்சரிக்கை காதில் விழுந்தும் கேளாதவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஒருமுறை கடற்கரையில் இதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்: "சாமி, பத்து தடவை போகாதேன்னு சொல்றாங்க. ரெண்டு தடவைதான் காத்து வருது. மத்த எட்டு நாளும் எங்க வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?"

இதற்கு வானிலைத் துறையிடம் விடை இல்லை. பிரசங்க மேடையிலும் எளிய விடை இல்லை. அவருடைய கணக்கு பொய்யன்று. எச்சரிக்கை என்பது வரக்கூடும் என்பதையே சொல்கிறது. ஆதலால் சிலமுறை வராமலும் போகும். வந்துவிட்டால் உயிர் போகும். வராவிட்டால் கூலி போகும். வசதி படைத்தவர் எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதால் இழப்பது ஒன்றுமில்லை. வீட்டில் அமர்ந்து சூடாகக் காப்பி அருந்தலாம். அன்றாடங்காய்ச்சியோ ஒவ்வொரு முறையும் தன் குழந்தையின் சோற்றைக் கொடுத்தே அதற்குக் கீழ்ப்படிகிறான். அந்த விலையை அவன் மட்டும் செலுத்துமாறு விட்டுவிட்டு, "ஏன் கேட்கவில்லை?" என்று நாம் வினவுவது நீதியாகுமா?

ஆகவே நாம் பங்கு மக்களிடம் கேட்பது இது. பருவமழைக்கு முன்னரே ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிறு நிதியும் சில மூட்டை அரிசியும் ஒதுக்கி வைப்போம். கடலுக்குப் போகவேண்டாம் என்ற அறிவிப்பு வரும் நாட்களில், போகாது கீழ்ப்படிந்த குடும்பத்துக்கு அது சென்று சேரட்டும். புனித வின்சென்ட் தே பவுல் சபை இயங்கும் பங்குகளில் இதனைச் செய்வது கடினமன்று. வெள்ளம் வடிந்தபின் நாம் கொடுக்கும் உணவுப் பொட்டலம் அறமே. வெள்ளத்துக்கு முன் கொடுக்கும் ஒரு படி அரிசி ஓர் உயிரையே காக்கக்கூடும். அந்த முதியவருக்கு நாம் இதைத்தான் கூறினோம். அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "செய்ங்க, பாப்போம்" என்றார். அவர் சொன்னது நியாயமே.

செபமும் கண்விழிப்பும்

வானத்தின் தோற்றத்தை ஆய்ந்தறியும் நாம் காலத்தின் அறிகுறிகளை ஆய்ந்தறியாதது ஏன் என்று நம் ஆண்டவர் மக்களைக் கேட்டதை லூக்கா தம் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும் என்பதை அந்நாட்டு மக்கள் அறிந்திருந்தனர். மேற்கில் அவர்களுக்குக் கடல். நமக்கோ கடல் கிழக்கே. திசை வேறு, பாடம் ஒன்று. வானத்தைப் படித்தது குற்றம் என்று ஆண்டவர் கூறவில்லை. அந்த அறிவு அடுத்த படிக்கும் செல்ல வேண்டும் என்றே எதிர்பார்த்தார்.

எலியா இறைவாக்கினரின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். நெடுநாள் வறட்சிக்குப்பின் கார்மேல் மலையில் அவர் முகங்குப்புறக் குனிந்து மன்றாடினார். மன்றாடியதோடு நில்லாமல், கடலைப் பார்த்து வருமாறு தம் ஊழியனை ஏழுமுறை அனுப்பினார். ஏழாம் முறை கையளவு மேகம் ஒன்று கடலிலிருந்து எழுவதாக அவன் வந்து சொன்னான். உடனே எலியா அரசனுக்கு ஆளனுப்பி, மழை வழியை மறிக்குமுன் தேரைப் பூட்டிப் புறப்படுமாறு எச்சரித்தார். அந்த அரசனோ அவருக்குப் பகைவன்! செபித்தல், உற்றுநோக்கல், பகைவனுக்கும் எச்சரிக்கை அனுப்புதல் ஆகிய மூன்றையும் ஒரே மனிதர் ஒரே நாளில் செய்தார். செபிப்பவர் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றோ, வானத்தைப் பார்ப்பவர் செபிக்க வேண்டியதில்லை என்றோ அவர் எண்ணவில்லை.

பெருவெள்ளம் வந்தால், "இது அவர்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்று கூறுவோர் இன்றும் இருக்கின்றனர். 2023இல் மழை மிகுதியாகப் பெய்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினம், முருகன் கோவில் கொண்ட திருச்செந்தூர், பெருமாள் கோவில் கொண்ட திருவைகுண்டம், இவற்றுக்கிடையே நம் ஆலயங்கள். மழை எவர் சமயத்தையும் கேட்கவில்லை. நல்லோர்மீதும் தீயோர்மீதும் மழை பெய்யச் செய்யும் வானகத் தந்தையைப் பற்றி மலைப்பொழிவில் கேட்ட நாம், அடுத்த வீட்டாரின் துன்பத்தில் தீர்ப்பெழுதத் துணியலாகாது.

இறுதியாக நம் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். மழைக்காலத்தில் நாள்தோறும் அறிவிப்பைக் கேளுங்கள். யார் எழுதியது என்று தெரியாத செய்தியைக் கைப்பேசியில் பிறருக்கு அனுப்பாதீர்கள். வானிலைத் துறையும் மாவட்ட ஆட்சியரும் சொல்வதையே பகிருங்கள். உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியோர், கருவுற்ற தாய்மார், செவி கேளாதோர் யார் யார் என இப்போதே குறித்து வையுங்கள். எச்சரிக்கை வரும்போது அவர்கள் வீட்டுக்கு யார் செல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் நேரான பக்கங்களுள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, காலை 8.30க்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு பருவம் எழுதினால் மழையின் சொற்கள் அவர்களுக்குப் பழகிவிடும்.

எச்சரித்த நாளில் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டுக் காத்திருந்தும் காற்று வராமற் போனால், ஏமாற்றப்பட்டோம் என்று எண்ணாதீர்கள். அன்று மாலை குடும்ப செபத்தில் அனைவரும் வீட்டில் கூடியிருப்பதற்காக நன்றி கூறுங்கள். மறுநாள் காலை மீண்டும் அறிவிப்பைக் கேளுங்கள்.